நாலு ரயர், நாலு றிம்: பனிக்காலத்துக்கு எதை வாங்குவது?

முதல் பனி கொட்டிய மறுநாள் ஸ்காபரோவில் எந்த ரயர் கடைக்குப் போன் எடுத்தாலும் ஒரே பதில்தான்: இரண்டு கிழமைக்கு இடமில்லை. அந்த அவசரத்தில் கடைக்காரர் கையில் எது இருக்கிறதோ அதுதான் காரில் ஏறும். அதனால் இந்தக் கணக்கை ஒக்ரோபரில், இன்னும் வெயில் அடிக்கும்போதே பார்த்து வைப்பது நல்லது.

பேச்சு வந்தால் எல்லாரும் முதலில் கேட்பது, "எந்த பிராண்ட் நல்லது அண்ணை?" என்றுதான். என்னைக் கேட்டால் அது நாலாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. காலையில் எத்தனை மணிக்கு வெளிக்கிட வேண்டும், கழற்றிய ரயரை எங்கே வைப்பீர்கள், இந்தக் காரை இன்னும் எத்தனை வருஷம் ஓடுவீர்கள் ஆகிய மூன்றுக்கும் விடை இருந்தால் பாதி முடிவு தானாக வந்துவிடும்.

ரப்பரில் மூன்று வகை

புதுக் காரோடு பெரும்பாலும் வருவது ஓல் சீசன் ரயர். அதன் பக்கத்தில் எம் பிளஸ் எஸ் என்று பொறித்திருக்கும். சேற்றுக்கும் பனிக்கும் ஏற்றது என்பது அதன் பொருள். ஆனால் அது பனியில் ஓட்டிப் பார்த்துக் கொடுத்த சான்று இல்லை. மேற்பரப்பில் உள்ள பள்ளங்கள் எந்த வடிவில், எவ்வளவு இடம் விட்டு வெட்டப்பட்டிருக்கின்றன என்பதை மட்டும் வைத்துத் தயாரிப்பாளர் போடும் முத்திரை அது.

பள்ளத்தைவிட ரப்பர்தான் பெரிய விஷயம். வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே இறங்க இறங்க ஓல் சீசன் ரப்பர் விறைத்துக்கொண்டே போகும். 7 என்பது ஒரு பொது அளவுதான். எட்டில் நன்றாக இருந்த ரயர் ஆறில் உதவாமல் போய்விடாது. ஆனால் மைனஸ் 15 இல், பனியே இல்லாத வறண்ட தார் வீதியில்கூட, பிறேக் போட்ட கார் நிற்க எடுக்கும் தூரம் கூடிவிடும். "எங்கட பக்கம் அவ்வளவு ஸ்நோ இல்லைத்தானே" என்பவர்கள் இதைத்தான் கணக்கில் எடுப்பதில்லை. பிரச்சினை பனியில் மட்டும் இல்லை, குளிரிலும் இருக்கிறது.

அடுத்தது ஓல் வெதர். பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தாலும் சரக்கு வேறு. குளிரிலும் ஓரளவு இளக்கமாக இருக்கும் ரப்பரில் செய்த ரயர் இது. வருஷம் முழுக்கக் காரிலேயே கிடக்கலாம். மிச்லின் கிறொஸ்கிளைமேற் 2, ரொயோ செல்சியஸ், நோக்கியன் ரெமடி போன்றவை இந்த வகை. மூன்றாவது, உண்மையான வின்ரர் ரயர். ரப்பர் மிக மென்மை. மேற்பரப்பின் ஒவ்வொரு ரப்பர்க் கட்டியிலும் மயிரிழை போன்ற வெட்டுகள் இருக்கும். அவற்றின் விளிம்புகள்தான் பனியைக் கவ்விப் பிடிக்கின்றன.

ஓல் வெதரிலும் வின்ரரிலும் ஒரே சின்னம் இருக்கும்: மூன்று சிகரம் கொண்ட மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும். கடையில், "இரண்டிலும் மலைப் படம் இருக்கிறது, இரண்டும் ஒன்றுதான்" என்று சொல்வார்கள். அது சரியில்லை. அமெரிக்க, கனடிய ரயர் தயாரிப்பாளர் சங்கங்கள் 1999 இல் கொண்டுவந்த அந்தச் சின்னத்துக்கான வட அமெரிக்கச் சோதனை, இறுகிய பனியில் கார் இழுத்து எடுபடும் வலுவைத்தான் அளக்கிறது. ஒப்பீட்டுக்கென வைத்திருக்கும் ஒரு ரயரைவிடக் குறைந்தது 10 வீதம் கூடுதலாக இழுத்தால் சின்னம் கிடைக்கும். பனிக்கட்டியில் எப்படி நிற்கும், வளைவில் எப்படிப் பிடிக்கும் என்பது அந்தச் சோதனையில் இல்லை. நல்ல ஓல் வெதர் ரயர் பனியில் தாராளமாகத் தேறிவிடும். பளபளவென்று உறைந்த சந்தியில்தான் வின்ரர் ரயருக்கும் அதற்கும் உள்ள இடைவெளி தெரியும்.

உறைந்த வீதியைப் பற்றி இன்னொன்று. மைனஸ் 20 இல் இருக்கும் பனிக்கட்டியைவிட, பூச்சியத்தை ஒட்டி நிற்கும் பனிக்கட்டிதான் கூடுதலாக வழுக்கும். மேலே மெல்லிய நீர்ப்படலம் இருப்பதுதான் காரணம். ரொறன்ரோவின் குளிர்காலம் பூச்சியத்துக்கு மேலும் கீழுமாக ஏறி இறங்குவது. பகலில் உருகி இரவில் உறையும். வின்னிபெக்கில் இருப்பவர் எங்களைவிடக் கடும் குளிரில் ஓடுகிறார் என்பது உண்மை, ஆனால் கறுப்புப் பனி, அதாவது தார் வீதியில் கண்ணுக்குத் தெரியாமல் உறைந்த மெல்லிய பனிக்கட்டி, எங்களுக்குத்தான் அதிகம் வாய்க்கும். பிரிட்ஜ்ஸ்ரோன் 1988 இல் ஜப்பானில் பிளிஸாக் ரயரை இறக்கியபோது செய்த வேலை இந்த நீர்ப்படலத்துக்கு எதிரானதுதான். ரப்பருக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளை வைத்து அந்த நீரை உறிஞ்சி விலக்கினார்கள்.

ஆணி பதித்த ரயர் வேண்டுமா என்று சிலர் கேட்பதுண்டு. தெற்கு ஒன்ராறியோவில் சட்டப்படி ஓட முடியாது. அத்தோடு அந்தப் பேச்சை விட்டுவிடலாம்.

சட்டம் எங்கே என்ன சொல்கிறது

கியூபெக்கில் 2008 முதல் வின்ரர் ரயர் கட்டாயம். இப்போது டிசெம்பர் 1 முதல் மார்ச் 15 வரை, அந்த மாகாணத்தில் பதிந்த கார்களில் மலைச் சின்னம் உள்ள ரயரோ ஆணி பதித்த ரயரோ இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அபராதம் 200 முதல் 300 டொலர். ரொறன்ரோ இலக்கத் தகட்டோடு மொன்றியாலுக்குக் கலியாண வீட்டுக்குப் போகிறவரை இந்தச் சட்டம் பிடிக்காது. ஆனால் கோட்-டெ-நேஜ் பக்கத்துச் சரிவுகள் இலக்கத் தகட்டைப் பார்ப்பதில்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவில் மலைப் பக்க நெடுஞ்சாலைகளுக்கு ஒக்ரோபர் 1 இல் இருந்து கட்டாயம். அங்கே எம் பிளஸ் எஸ் இருந்தாலும் ஏற்றுக்கொள்கிறார்கள்.

ஒன்ராறியோவில் கட்டாயம் இல்லை. ஆனால் 2016 ஜனவரி முதல், வின்ரர் ரயர் போட்டால் இன்சூரன்ஸ் நிறுவனம் கழிவு கொடுத்தே ஆக வேண்டும். நீங்களாகக் கேட்டால்தான் பல இடங்களில் அது கணக்கில் ஏறும். ஓல் வெதர் ரயருக்குக் கழிவு உண்டா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும், வாங்கமுன் கேட்டுவிடுங்கள்.

யாருக்கு எது

காலை ஆறு மணிக்கு ஷிப்ற் தொடங்கும் தொழிற்சாலையில் வேலை செய்பவரை எடுப்போம். அவர் ஐந்தேகாலுக்கு வீட்டை விட்டு இறங்குகிறார். பெருந்தெருக்களைத் தள்ளி முடித்த பிறகுதான் உள்வீதிகளுக்குப் பனி வண்டி வரும். அவருடைய முதல் அரைக் கிலோமீற்றர்தான் நாளின் ஆபத்தான பகுதி. வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பராமரிக்கும் அக்காமாருக்கும் இதே கதைதான். அவர்கள் ஓடுவது முழுக்க உள்வீதிகளில். "இண்டைக்கு ஸ்நோ, வர ஏலாது" என்று சொல்ல முடியாத வேலை. இவர்களுக்கு வின்ரர் ரயர் நாலும் வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. நெடுஞ்சாலை 400 இல் வடக்கே பாரி நகருக்குப் போய்வருபவர்களும் இந்தப் பக்கம்தான். ஜோர்ஜியன் குடாவில் இருந்து வரும் பனிப்புயல் பத்து நிமிஷத்தில் வீதியை மறைத்துவிடும்.

கிழமையில் மூன்று நாள் வீட்டில் இருந்து வேலை, கொண்டோவின் நிலக்கீழ்த் தரிப்பிடம், பனி கொட்டினால் அன்று காரை எடுப்பதில்லை, பயணம் மார்க்கம் ரோட்டுக்கும் 401 க்கும் இடையே மட்டும் என்றால், ஓல் வெதர் போதும். பல கொண்டோக்களில் தரிப்பிடத்தில் ரயர் அடுக்கி வைக்க விடமாட்டார்கள். பேஸ்மென்ரில் வாடகைக்கு இருப்பவருக்கும் இடம் இல்லை. கடையில் வைத்துப் பராமரிக்க ஒவ்வொரு பருவத்துக்கும் தனியாகக் கட்டணம். நாலு ரயரை அடுக்கச் சுவரோரம் இல்லாதவர் ஓல் வெதர் வாங்குவதைச் சோம்பேறித்தனம் என்று நான் சொல்லமாட்டேன். புதுக் காரின் ஓல் சீசன் ரயரோடேயே பனிக்காலத்தைத் தள்ளலாம் என்று நினைப்பவரைவிட அவர் எவ்வளவோ மேல்.

"என்ர கார் ஏ.டபிள்யூ.டி, எனக்கு ஏன் வின்ரர் ரயர்?" என்ற கேள்விக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். நாலு சக்கரமும் இழுப்பதால் கார் பனியில் இருந்து எழும்பும், மேட்டில் ஏறும். நிறுத்துவதற்கு அதனால் ஒரு உதவியும் இல்லை. எந்தக் காருக்கும் பிறேக் நாலு சக்கரத்துக்கும்தான் இருக்கிறது. பிடிமானம் ரயரில் இருந்துதான் வரவேண்டும். சொல்லப்போனால் இந்தக் கார்களில் ஒரு மறைமுக ஆபத்து உண்டு. சிரமம் இல்லாமல் கிளம்பிவிடுவதால், வீதி எவ்வளவு வழுக்குகிறது என்பது முதல் பிறேக் வரைக்கும் தெரியாது.

காசு மிச்சம் பிடிக்க முன்னுக்கு இரண்டு மட்டும் போடுவதும் வேண்டாம். முன்பக்கம் பிடித்து நிற்க, பின்பக்கம் வழுக்கி வெளியே வீசும். வளைவில் கார் சுற்றிக்கொண்டு நிற்பது இப்படித்தான்.

றிம்மில்தான் காசு மிச்சம்

நம்மவர் அதிகம் யோசிக்காமல் விடும் பகுதி இது. ஆனால் நல்ல முடிவு எடுக்க இடம் இருப்பதும் இங்கேதான்.

இரண்டு வழி இருக்கிறது. ஒரே றிம்மில் வருஷத்துக்கு இரண்டு முறை ரயரைக் கழற்றி மாற்றிப் பூட்டுவது ஒன்று. வின்ரர் ரயருக்கென்று தனி றிம் வாங்கி, சக்கரத்தோடு மாற்றுவது மற்றது. எடுத்துக்காட்டாக ஒரு கணக்கு: சாதாரண ஸ்ரீல் றிம் ஒன்று 100 டொலர் என்றால் நாலும் 400. ரயரை றிம்மில் இருந்து உரித்து மாற்றி, சமநிலை பார்த்துப் பூட்டுவதற்கும், சக்கரத்தை மட்டும் மாற்றுவதற்கும் கூலியில் ஒரு தடவைக்கு 60 டொலர் வித்தியாசம் என்று வையுங்கள். வருஷத்துக்கு 120. நாலாவது குளிர்காலத்துக்குள் றிம்மின் விலை திரும்பி வந்துவிடும். ஜாக்கியும் முறுக்குவிசைத் திறப்பும் வைத்து வீட்டு வாசலில் நீங்களே மாற்றினால் இன்னும் முந்தி வரும். இதில் பணமாகத் தெரியாத ஒரு லாபமும் உண்டு. உரித்து உரித்துப் பூட்டினால் ரயர் றிம்மைக் கவ்வும் விளிம்பு சேதப்படும், உள்ளே இருக்கும் காற்றழுத்த சென்சரும் உடையலாம். இரண்டு வருஷத்தில் காரை விற்கப் போகிறவர், லீஸ் முடியப் போகிறவர் ஆகியோருக்கு மட்டும் இந்தக் கணக்கு சரிவராது.

தனி றிம் என்று முடிவெடுத்தால் ஒரு அளவு சிறிய றிம் வாங்குங்கள். 2018 முதல் 2024 வரையான ரொயோட்டா கம்ரியின் எஸ்ஈ மாதிரியில் 235/45, 18 அங்குல ரயர் வந்தது (ரயரின் அகலம் 235 மி.மீ., பக்கச் சுவரின் உயரம் அதில் 45 வீதம், றிம் 18 அங்குலம்). அதற்குக் கீழுள்ள எல்ஈ மாதிரியில் 215/55, 17 அங்குலம். கணக்குப் போட்டால் முதலாவதின் மொத்த விட்டம் 668.7 மி.மீ., இரண்டாவதினுடையது 668.3 மி.மீ. வித்தியாசம் அரை மில்லிமீற்றர்கூட இல்லை. வேகமானி பிழைக்காது, கார் தாழாது. ஆனால் ரயர் 20 மி.மீ. ஒடுக்கம். ஒடுங்கிய ரயர் புதுப் பனியில் மிதக்காமல் வெட்டிக்கொண்டு இறங்கும். பக்கச் சுவர் உயரமாக இருப்பதால், பெப்ரவரியில் பனி உருகிய பிறகு வாய் திறக்கும் வீதிக் குழிகளில் விழுந்தாலும் றிம் தப்பும். எல்லாவற்றுக்கும் மேல் 17 அங்குல ரயர் 18 ஐ விட மலிவு. நல்லதும் மலிவும் ஒரே பக்கம் நிற்கும் சந்தர்ப்பம் கார் விஷயத்தில் அடிக்கடி வருவதில்லை.

எவ்வளவு சிறிதாகப் போகலாம் என்பதற்கு எல்லை பிறேக். பெரிய பிறேக் உள்ள காரில் சிறிய றிம் உள்ளே முட்டும். உங்கள் காரின் அதே வருஷத்து மலிவான மாதிரி எந்த றிம்மோடு வருகிறது என்று பாருங்கள். பிறேக் இரண்டிலும் ஒன்றுதான் என்று உறுதிப்படுத்திக்கொண்டால் அந்த அளவு பொருந்தும். ரயரின் சுமைக் குறியீடு (எவ்வளவு பாரம் தாங்கும் என்று காட்டும் இலக்கம்) மட்டும் கார் கதவோரத் தகட்டில் உள்ளதைவிடக் குறையக் கூடாது. மின்கார் வைத்திருப்பவர்கள் இதை இரண்டு தடவை பார்க்க வேண்டும், அந்தக் கார்கள் பாரம்.

ஸ்ரீல்லா அலோயா? நான் ஸ்ரீல் பக்கம். குழியில் அடிபட்டால் வளையும், பெரும்பாலும் அடித்து நிமிர்த்தலாம். அலோய் வெடிக்கும். உப்பு வீதியில் ஸ்ரீல் துருப்பிடிக்கும்தான், ஆனால் அது பார்வைக்குத்தான் கேடு. அலோயின் மேற்பூச்சில் கல் பட்டு உப்பு இறங்கினால், ரயர் உட்காரும் விளிம்பு பொருமி, காற்று மெல்ல மெல்ல இறங்கத் தொடங்கும். அலோய் இலேசு, அழகு, உண்மைதான். நாலு மாதம் சேற்றுப் பனியில் கிடக்கும் சக்கரத்துக்கு அழகு எதற்கு என்பது என் கட்சி. வீட்டில் இதற்கு எதிர்க்கட்சியும் உண்டு.

பொருத்தத்தில் மூன்று அளவு ஒத்துப்போக வேண்டும். முதலாவது ஆணித் துளை அமைப்பு. கம்ரி, ராவ்4, இப்போதைய சிவிக், சிஆர்-வி எல்லாம் 5 × 114.3, அதாவது ஐந்து துளை, அவை அமைந்த வட்டத்தின் விட்டம் 114.3 மி.மீ. கொரோலா 5 × 100. இரண்டாவது நடுத்துளை: கம்ரிக்கு 60.1 மி.மீ., சிவிக்குக்கு 64.1. சந்தையில் வாங்கும் றிம்மில் நடுத்துளை பெரிதாக இருந்தால் இடைவெளியை நிரப்பும் வளையம் போட வேண்டும். இல்லாவிட்டால் நூறு கிலோமீற்றர் வேகத்தில் ஸ்ரியறிங் நடுங்கலாம். மூன்றாவது, றிம் உள்ளே எவ்வளவு தள்ளி உட்காருகிறது என்ற அளவு. கார் விபரத்தைச் சொன்னால் கடையில் பார்த்துக் கொடுப்பார்கள். இணையத்தில் வாங்கினால் பொறுப்பு உங்களுடையது.

நட் விஷயத்தைக் கட்டாயம் கேளுங்கள். ஹொண்டாவின் சொந்த றிம்முக்கு உருண்டை அடி நட். பல ரொயோட்டா அலோய்களுக்குத் தட்டையான அடி நட். சந்தை றிம் பெரும்பாலும் கூம்பு அடி நட் கேட்கும். மாற்றிப் போட்டால் இறுகியதுபோலத்தான் தெரியும், ஓட ஓட இளகும். புது நட் ஒரு செற் வாங்குவது றிம் விலையில் ஒரு சிறு துண்டு.

காற்றழுத்த சென்சர் கனடாவில் சட்டப்படி கட்டாயம் இல்லை. தனி றிம்மில் அது இல்லாவிட்டால் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு குளிர்காலம் முழுக்க எரியும். அதைச் சகிக்க முடிந்தால் நாலு சென்சர் காசு மிச்சம். ஆனால் மாதத்துக்கு ஒரு முறை கையால் காற்றுப் பார்க்க வேண்டும். ஏறக்குறைய ஐந்தரைப் பாகை குளிர் கூடும்போது ஒரு பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அலகு) இறங்கும். ஒக்ரோபரில் 15 பாகையில் அடித்த காற்று, ஜனவரி மைனஸ் 18 இல் ஆறு பிஎஸ்ஐ குறைந்திருக்கும். சில கார்கள், உதாரணமாக அண்மைக்காலச் சிவிக், சக்கரம் சுற்றும் வேகத்தை வைத்தே காற்றைக் கணிக்கும். அவற்றுக்கு இந்தச் செலவே இல்லை.

கடைசியாக பிராண்ட், பழசு, பூட்டும் நாள்

மிச்லின் எக்ஸ்-ஐஸ், பிளிஸாக், நோக்கியன் ஹக்கபெலிட்டா, கொன்ரினென்ரல் வைக்கிங்கொன்ராக்ற் ஆகிய நாலில் எது மலிவாகக் கிடைத்தாலும் வாங்குங்கள். நோக்கியன் பின்லாந்துக்காரர்கள். 1934 இலேயே வாகனங்களுக்கு வின்ரர் ரயர் செய்தவர்கள். காசு குறைவென்றால் ஜெனரல் அல்ரிமக்ஸ் ஆர்க்ரிக் மோசம் இல்லை. கேள்விப்படாத பெயரில் பாதி விலைக்கு வருவதைவிட, பெயர் தெரிந்த கம்பனியின் முந்தைய தலைமுறை ரயர் மேல்.

பழைய பொருள் விற்கும் கிஜிஜி இணையத்தளத்தில் றிம்மோடு பழைய செற் நிறைய வரும். கார் மாற்றியவர்கள் விற்கிறார்கள், பேரமும் படியும். போனதும் ரயரின் பக்கத்தில் DOT என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்கள். 3521 என்றால் 2021 ஆம் ஆண்டின் 35 ஆம் வாரம் செய்தது. ஆறு வருஷம் தாண்டியதென்றால் பள்ளம் எவ்வளவு ஆழம் இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும், விட்டுவிடுங்கள். பள்ளத்தை அளக்கும் கருவி சில டொலர்தான். புது வின்ரர் ரயரில் எட்டு, ஒன்பது மி.மீ. இருக்கும். 4 மி.மீ. க்குக் கீழே போனால் பனியில் அது வின்ரர் ரயராக வேலை செய்யாது. 6 மி.மீ. க்குக் குறைந்ததைப் பழசாக வாங்குவதில் பிரயோசனம் இல்லை, இரண்டாம் குளிர்காலத்துக்கு மிஞ்சாது.

பூட்டியதும் நட்டுகளை, கம்ரி, கொரோலா என்றால் 103 நியூட்டன் மீற்றர் அளவில் இறுக்க வேண்டும். மற்றக் கார்களுக்குக் கையேட்டில் இருக்கும். நூறு கிலோமீற்றர் ஓடிய பிறகு திரும்ப ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். கடையில் பூட்டினாலும் இதைச் செய்ய வேண்டும், பல கடைகள் இலவசமாகவே செய்து தரும். காலைக் குளிர் தொடர்ந்து 7 பாகைக்குக் கீழே நிற்கத் தொடங்கும்போது போடுங்கள். ரொறன்ரோவில் அது பெரும்பாலும் நவம்பரின் முற்பாதி. ஏப்ரலில் கழற்றிவிடுங்கள். மே மாத வெயிலில் ஓடினால் அந்த மென்மையான ரப்பர் வேகமாகத் தேய்ந்துவிடும், அடுத்த குளிர்காலத்துக்கு என்று வைத்த மில்லிமீற்றர் கோடையிலேயே போய்விடும்.